முகம் கிழக்கா, கடல் பின்னாலா: சேலத்துக் குடும்பம் ஒன்றின் கடற்கரைக் கல்யாணம்

பெண் வீடு சேலம் செவ்வாய்ப்பேட்டை, தலைமுறையாக வெள்ளிக் கொலுசுத் தொழில். மாப்பிள்ளை வீடு சென்னை தாம்பரம். பெண்ணும் பையனும் வேலை பார்ப்பது பெங்களூரில். 2024 ஆவணியில் நிச்சயம் முடிந்தது. அன்றைக்குப் பந்தியிலேயே மண்டபப் பேச்சு தொடங்கிவிட்டது. பெண்ணின் அப்பாவுக்கு ஓமலூர் ரோட்டில் உள்ள பெரிய மண்டபம் வேண்டும். அம்மாவுக்கு ஏற்காட்டில் ஒரு ரிசார்ட் மனதில் இருந்தது. பெண்ணுக்குக் கடற்கரை. சேலத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கடல் என்றால் ஒரு ஏக்கம் உண்டு. எந்தப் பக்கம் போனாலும் நாலு மணி நேரத்துக்குக் குறையாமல் வண்டியில் உட்கார வேண்டும்.

நான் சேலத்தில் கல்யாண ஏற்பாட்டு வேலை பார்க்கிறவன். இந்தக் குடும்பம் கடைசியில் கடற்கரையைத்தான் எடுத்தது, கல்யாணமும் நன்றாக நடந்தது. ஆனால் அது ரிசார்ட்டின் படத்தைப் பார்த்து எடுத்த முடிவு அல்ல. எதைப் பார்த்து எடுத்தார்கள், எதைக் கைவிட்டார்கள், எதற்குக் கூடுதலாகக் காசு கொடுத்தார்கள் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். குடும்பத்தின் பெயரும் ரிசார்ட்டின் பெயரும் வேண்டாம்.

முதலில் நாள்

ஜோசியர் இரண்டு நாள் குறித்துக் கொடுத்திருந்தார். ஒன்று கார்த்திகையில், டிசம்பர் முதல் வாரத்தை ஒட்டி. இன்னொன்று மாசியில். பையனுக்கு ஆண்டு இறுதியில் விடுமுறை கிடைக்கும் என்பதால் இரண்டு வீட்டாரும் கார்த்திகைக்கே தலையாட்டினார்கள்.

மண்டபம் என்றால் கார்த்திகையில் ஒரு குறையும் இல்லை. மழை பெய்தால் செருப்பு நனையும், அவ்வளவுதான். கடற்கரைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை. வங்கக் கடலில் புயல் பிறப்பதும் பெரும்பாலும் அதே பருவத்தில்தான். தானே 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை ஏறியது. நிவர் 2020 நவம்பரில் புதுச்சேரி அருகே. மாண்டஸ் 2022 டிசம்பரில் மாமல்லபுரத்தை ஒட்டி. நம் ஊர்க்காரர்கள் ரிசார்ட் பார்க்கப் போவது இதே கரைக்குத்தான். இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "மாசியிலேயே வச்சுக்கலாங்க" என்றார். பையன் விடுமுறையை மாற்றிக்கொண்டான்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை ஏறியது. புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை. அதோடு நிற்கவில்லை, உள்நாட்டுக்குள் மெல்ல நகர்ந்து ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டியது. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அதாவது அந்த வாரத்தில் கல்யாணம் வைத்திருந்தால் கடலுக்குப் போயிருந்தாலும் முடங்கியிருப்போம், மலைக்குப் போயிருந்தாலும் முடங்கியிருப்போம். மலை என்றால் புயலுக்குப் பயமில்லை என்று சேலத்தில் பலர் நினைக்கிறார்கள். புயல் கரையோடு முடிவதில்லை. மிச்ச மழையைச் சேர்வராயன் மலையும் கல்வராயன் மலையும் வாங்கிக்கொள்கின்றன.

நம் பஞ்சாங்கத்தையும் கடலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்தக் கரைக்கு ஏற்றவை தையும் மாசியும்தான். ஆடி, புரட்டாசி, மார்கழியில் பெரும்பாலானோர் முகூர்த்தம் வைப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை. சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்கே பட்டுப்புடவை முதுகோடு ஒட்டும். பங்குனியை ஒரு பாதி சேர்த்துக்கொள்ளலாம். ஆக, கடற்கரை வேண்டும் என்று சொல்லும் குடும்பத்துக்கு ஆண்டில் இரண்டரை மாதம்தான். அதே இரண்டரை மாதத்தில்தான் ரிசார்ட்காரர்களும் விலையை ஏற்றி வைத்திருப்பார்கள்.

ஏற்காடு ஏன் நின்றது

அம்மாவின் யோசனை மோசமில்லை. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், மாசியில் நல்ல குளிர், காப்பித் தோட்டமும் சில்வர் ஓக் மரங்களும் தரும் பின்னணி. சேலத்திலிருந்து ஒரு மணி நேரம். விருந்தாளி காலையில் வந்து முகூர்த்தம் பார்த்து மதியம் வீடு திரும்பிவிடலாம். எனக்குச் சொந்த விருப்பம் கேட்டால் ஏற்காட்டைத்தான் சொல்லியிருப்பேன்.

நின்றதற்குக் காரணம் முகூர்த்த நேரம். ஆறிலிருந்து ஏழரை. அதற்கு வர வேண்டுமானால் அடிவாரத்தை நாலரை மணிக்குத் தாண்ட வேண்டும். இருட்டில், பனியில், இருபது கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்தி வாந்தி எடுக்கும் பெரியம்மாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு அந்த நிலைமை யாருக்கும் வேண்டாம். முதல் நாளே எல்லோரையும் மேலே தங்க வைக்கலாம் என்றால், அத்தனை அறைகள் ஒரே இடத்தில் கிடைக்கவில்லை. மூன்று விடுதியில் பிரித்துத் தங்க வைத்து, காலையில் ஐந்து மணிக்கு வேன் விட்டுப் பொறுக்கிக்கொண்டு வருவதற்குக் கல்யாணம் நடத்தும் வீட்டில் ஆள் ஏது? ஒரு நாள் வந்து போகும் இடமாக நினைத்தால் ஏற்காடு பக்கம். அதிகாலை முகூர்த்தம் என்றதும் அது தூரமாகிவிடுகிறது.

பத்திரிகைக் கணக்கு, மொய்க் கணக்கு

அப்பாவின் பட்டியலில் 1,400 பத்திரிகை இருந்தது. வெள்ளிப் பட்டறைக்காரர்கள், கடைக்காரர்கள், சொந்தம், பங்காளி, தெரு. இவர்களில் பாதிப் பேர் வீட்டுக் கல்யாணத்தில் அப்பா மொய் வைத்திருக்கிறார். அந்த மொய் நோட்டு பீரோவில் இருக்கிறது. அவர்களை முந்நூறு கிலோமீட்டர் தாண்டி வரச் சொல்லவும் முடியாது, வராதீர்கள் என்று சொல்லவும் முடியாது.

இங்கேதான் பல குடும்பங்களின் கணக்கு உதைக்கிறது. 'மண்டபத்துக்கு 1,400 பேர், கடற்கரைக்கு 180 பேர், ஆகவே செலவு குறையும்' என்று பெண்ணும் பையனும் லேப்டாப்பில் போட்டுக் காட்டினார்கள். தாள் மேல் சரி. ஆனால் அந்த 1,220 பேர் எங்கும் போய்விடவில்லை. அவர்களுக்குச் சேலத்தில் ஒரு விருந்து வைத்தே ஆக வேண்டும். மண்டபம், சமையல், மேடை, இசை எல்லாம் திரும்ப ஒரு முறை. கடற்கரையை மண்டபத்துக்குப் பதிலாக நினைத்துப் பட்ஜெட் போடுகிற சேலத்துக் குடும்பம் ஒன்றையும் நான் இதுவரை தப்பவிட்டதில்லை. உட்கார வைத்து அது மண்டபத்துக்கு மேல் ஒரு செலவு என்று எழுதிக் காட்டிவிட்டுத்தான் அனுப்புவேன்.

அப்பா அரை நாள் யோசித்தார். பிறகு அவராகவே ஒரு வழி சொன்னார். முகூர்த்தம் கடற்கரையில், இரு வீட்டு நெருங்கிய சொந்தம் மட்டும். அடுத்த ஞாயிறு சேலத்தில் வரவேற்பு, மொய் நோட்டு அங்கே. பத்திரிகையிலேயே இரண்டையும் பிரித்து அச்சடித்தோம். ஊராருக்குப் போன பத்திரிகையில் வரவேற்பு மட்டும் இருந்தது. "தாலி கட்டுறத நாங்க பாக்க வேண்டாமா?" என்று கேட்டவர்களுக்கு, வரவேற்பு மேடைக்குப் பக்கத்தில் பெரிய திரையில் முகூர்த்தப் படம் ஓடும் என்று சொன்னோம். சிலர் சமாதானம் ஆனார்கள். ஒரு பெரியப்பா ஆகவில்லை. அவரை 180-இல் சேர்த்துக்கொண்டோம்.

எந்தக் கரை

சேலத்திலிருந்து வாழப்பாடி, ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியே புதுச்சேரி இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மாமல்லபுரம் முந்நூறைத் தாண்டும். தாம்பரத்துக்காரர்களுக்கு மாமல்லபுரம் வாசல்படி. இரு வீட்டாருக்கும் பொதுவாக, இரண்டுக்கும் நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலையில், தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் ஒரு ரிசார்ட்டைப் பிடித்தோம். புதுச்சேரி எல்லைக்குள் போனால் வாடகை வேன்களுக்குப் பெர்மிட் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும். அதோடு திருமணப் பதிவு. தமிழ்நாட்டில் நடந்த திருமணத்தை 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். அந்த வேலையை நம் மாநில அலுவலகத்திலேயே முடித்துக்கொள்வது எளிது.

புதுச்சேரிக்கு வடக்கே சில ரிசார்ட்டுகள் பார்த்தோம். படத்தில் பரந்த மணல். நேரில் போனால் கருங்கல் கொட்டிய கரை. 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டிய பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே தங்கிவிட்டது. வடக்கே இருக்கும் கோட்டக்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் பக்கமெல்லாம் கரை அரித்துப்போனது. ரிசார்ட் காட்டும் படம் எந்த ஆண்டில் எடுத்தது என்று கேளுங்கள். முடிந்தால் மழைக்காலம் முடிந்த கையோடு போய்ப் பாருங்கள். கரை மிக ஒடுங்கியிருப்பது அப்போதுதான்.

இன்னொன்று, போகும் நேரம். பெண்ணும் பையனும் மாலை ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து மயங்கிப்போனார்கள். முகூர்த்தம் காலை ஆறிலிருந்து. அடுத்த முறை இரவு அங்கேயே தங்கி, காலை ஐந்தரைக்கு மணலில் இறங்கினோம். அப்போதுதான் தெரிந்தது, பக்கத்துக் குப்பத்து மீனவர்கள் படகைக் கரை சேர்ப்பது சரியாக அந்த நேரம், மேடை போட நினைத்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில். வலையும் கூடையும் ஏலக் குரலுமாக இடம் கலகலவென்று இருந்தது. ரிசார்ட் மேலாளர் "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்றார். கரை அவருடையது அல்ல. ரிசார்ட்டின் பட்டா நிலம் எங்கே முடிகிறதோ அங்கே அவர் பேச்சும் முடிகிறது. அலை ஏறி இறங்கும் மணல் பொதுச் சொத்து. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் 1991-லிருந்து இருக்கின்றன. நாங்கள் குப்பத்துப் பெரியவர்களிடம் நேரில் போய்ப் பேசினோம். "எங்க படகு வர்ற வழிய மட்டும் விட்டுருங்க" என்றார்கள். மேடையை ரிசார்ட்டின் சொந்தப் புல்தரையில், மணல் தொடங்கும் விளிம்புக்கு உள்ளேயே தள்ளிப் போட்டோம். மீனவர்கள் குடும்பத்துக்கு முதல் நாளே பழம் தாம்பூலத்தோடு பத்திரிகை போனது.

மணவறை எந்தப் பக்கம் பார்ப்பது

இதற்குத்தான் மிக அதிக நேரம் போனது. கடற்கரைக் கல்யாணம் என்றதும் எல்லோர் மனதிலும் ஒரே படம்: மணமக்கள் மேடையில், அவர்களுக்குப் பின்னால் நீலக் கடல். அந்தப் படம் கோவாவிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்தது. அங்கே கடல் மேற்கே. நமக்குக் கடல் கிழக்கே.

மணமக்கள் கிழக்கு பார்த்து உட்கார வேண்டும் என்பது ஐயரின் கணக்கு, பெண்ணின் பாட்டியான அம்மாயியின் கணக்கும் அதுதான். கிழக்கு பார்த்தால் கடல் அவர்களுக்கு எதிரே. பின்னால் தெரிவது ரிசார்ட் கட்டடமும் சவுக்குத் தோப்பும் தண்ணீர்த் தொட்டியும். கடல் பின்னால் வர வேண்டுமானால் மேற்கு பார்த்து உட்கார வேண்டும். ஐயர் ஒத்துக்கொள்ளவில்லை, ஒத்துக்கொண்டிருந்தாலும் வேறொரு சிக்கல். மாசி நடுவில் அந்தக் கரையில் சூரியன் ஆறரை மணி வாக்கில் எழும்புகிறது. தாலி கட்டும் நேரத்தில் அது கடலுக்குச் சற்று மேலே நிற்கும். மேற்கு பார்த்த மேடைக்கு எதிரே கிழக்கு பார்த்து உட்காரும் 180 பேரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மணமக்களைக் கறுப்பு நிழலாகத்தான் பார்ப்பார்கள். சூரிய அஸ்தமனத்தில் படம் என்ற ஆசையும் அப்படியே. நம் கரையில் சூரியன் ரிசார்ட்டின் கார் நிறுத்துமிடத்துப் பக்கம்தான் மறையும்.

போட்டோகிராபர், ஐயர், பெண், அம்மாயி நால்வரையும் புல்தரையில் நிற்க வைத்துப் பேசினோம். நானும் போட்டோகிராபரும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பித் திருப்பிப் போட்டோம். கிழக்கு. மேற்கு. கடைசியில் வடக்கு. "வடக்கும் உத்தமம்தான்" என்றார் ஐயர். மணமக்கள் வடக்கு பார்த்து உட்கார்ந்தால் கடல் அவர்கள் வலக்கைப் பக்கம். விருந்தாளிகள் தெற்கு பார்த்து உட்காருவார்கள். வெயில் இடது கன்னத்தில் விழும், கண்ணில் விழாது. போட்டோகிராபர் வடமேற்கு மூலையில் நின்று தென்கிழக்காகப் பார்த்தால் மணமக்களுக்குப் பின்னால் கடல் வந்துவிடும். ஒரே குறை, அந்தக் கோணத்தில் மாப்பிள்ளை முன்னால் வந்து பெண்ணை மறைக்கிறார். பெண்ணுக்கு அது பிடிக்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை. போட்டோகிராபர் ஒரு முக்காலி மேல் ஏறி நின்று எடுப்பதாக முடிவானது. நிழல் விழும் பக்கத்துக்கு வெள்ளைத் துணித் தட்டி ஒன்றை உதவியாளர் பிடித்துக்கொண்டார்.

அம்மாயிக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. திசை முடிந்ததும் அவர் கேட்டது, "நான் எங்க கண்ணு உக்காருவேன்? மணல்ல எனக்குக் கால் நடக்காது." சக்கர நாற்காலி புல்லில் போகும், மணலில் புதையும். மேடை மணலில் இல்லாமல் புல்தரையில் இருப்பதற்கு இது இரண்டாவது காரணம். அறையிலிருந்து மேடை வரை புல்லின் மேல் பிளைவுட் பலகை வரிசையாகப் போட்டு, அதன்மேல் பச்சை விரிப்பு. அந்தப் பாதையில் கடைசியில் எல்லோரும் நடந்தார்கள், ஹை ஹீல்ஸ் போட்ட பெங்களூர்த் தோழிகள் உட்பட.

காற்று இன்னொரு விஷயம். கடல்காற்று பகலில் தரை சூடேறிய பிறகு, முற்பகல் கடந்துதான் வலுப்பெறும். விடிகாலையில் தரைப் பக்கத்திலிருந்து மெல்லிய காற்றுதான் இருக்கும். ஆகவே முகூர்த்த நேரத்துக்கு ஹோம நெருப்பும் குத்துவிளக்கும் தாங்கும். நாங்கள் போய்ப் பார்த்த காலையிலும் அப்படித்தான் இருந்தது. முந்தின மாலை நிகழ்ச்சிக்குத்தான் தொல்லை. அப்போது கடல்காற்று முழு வேகத்தில் இருக்கும். மேடைக்குப் பின்னால் துணியிலோ ஃபிளெக்ஸிலோ முழுத் திரை கட்டினால் அது பாய்மரமாகி மேடையையே இழுக்கும். பந்தல்காரருக்கு வலை மேல் பூ கட்டச் சொன்னோம். வலைக்குள் காற்று புகுந்து போய்விடும். அரசாணிக்கால் நட மண் நிரப்பிய பெரிய பானை.

நாதஸ்வரக் குழு சேலத்திலிருந்து வந்தது. தவில்காரர் முதல் கேள்வியே ஈரத்தைப் பற்றித்தான். கடல் ஈரத்தில் தோல் தளர்ந்து நாதம் இறங்கிவிடும். அவர்களுக்கு ஏசி இல்லாத, கடலைப் பார்க்காத ஓர் அறை கொடுத்தோம். அப்படியும் கெட்டிமேளம் மண்டபத்தில் கேட்கும் அளவுக்கு எழவில்லை. திறந்த வெளியில் எதிரொலிக்கச் சுவர் கிடையாது. கெட்டிமேளத்துக்கு உடம்பு சிலிர்க்க வேண்டும் என்கிறவர்கள் மண்டபத்தையே எடுக்கலாம். இந்தக் குறைக்கு நான் இன்னும் மருந்து பார்க்கவில்லை.

தண்ணீர், இலை, அறை

ரிசார்ட்டின் சமையலறையில்தான் சமைக்க வேண்டும், பஃபேதான் போட வேண்டும் என்றார்கள். அப்பா ஒரே வார்த்தை சொன்னார்: இலை போடணும். பேரம் பேசி, முகூர்த்த நாள் இரண்டு வேளைக்கு எங்கள் சேலம் மாஸ்டரை அனுமதித்தார்கள், அதற்கென்று ஒரு தொகை வாங்கிக்கொண்டு.

மாஸ்டர் முன்னோட்டம் பார்க்க வந்தபோது கையோடு கொண்டு வந்தது கால் கிலோ துவரம்பருப்பு. ரிசார்ட்டின் குழாய்த் தண்ணீரில் ஒரு பாத்திரம், கேன் தண்ணீரில் ஒரு பாத்திரம், இரண்டையும் ஒரே அடுப்பில் வைத்தார். கேன் தண்ணீரில் பருப்பு குழைந்தது. மற்றதில் முழுசாக நின்றது. அந்தக் கரையோரம் நிலத்தடி நீர் உப்பும் கடினமும் கலந்தது. "இந்தத் தண்ணில சாம்பார் வச்சா என் பேரு போயிரும் சார்" என்றார். சமையலுக்கும் காப்பிக்கும் மட்டும் தனியாகக் கேன் தண்ணீர் ஏற்பாடானது. காப்பித்தூள் ஏற்காட்டிலிருந்து போனது. அம்மாவின் மனக்குறைக்கு அது ஒரு சின்ன ஆறுதல்.

வெளியே பந்தி போட்டால் வாழை இலை பறக்கும். சோறு விழும் வரை இலையைக் கையால் பிடித்துக்கொண்டு யாரும் உட்கார மாட்டார்கள். பந்தி ரிசார்ட்டின் உள்ளறைக்குப் போனது. அங்கே இருந்தவை வட்ட மேசைகள். நீள மேசைகளைத் திண்டிவனத்திலிருந்து வாடகைக்கு எடுத்தோம்.

அறைகள் அறுபது. அறைக்கு மூன்று பேர் என்று பிரித்தோம். பெரியவர்களுக்குத் தரைத்தளம். ரூ.7,500-க்கு மேல் போகும் அறைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. கடல் பார்த்த அறைகள் எல்லாம் அந்தக் கோட்டுக்கு மேல்தான் இருந்தன. அம்மாயி கடல் பார்த்த அறையில், மற்றவர்கள் தோட்டம் பார்த்த அறையில். கவனிக்க வேண்டியது அறை நேரம். உள்ளே விடுவது மதியம் இரண்டுக்கு, காலி செய்வது காலை பதினொன்றுக்கு. முகூர்த்தம் ஏழரைக்கு முடிந்து, டிபன் முடிந்து, மதியச் சாப்பாடு பன்னிரண்டுக்குத் தொடங்கும்போது 180 பேர் பெட்டியோடு வராந்தாவில் நிற்பார்கள். மதியம் மூன்று மணி வரை அறை வேண்டும் என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுதி வாங்கினோம். பணம் கொடுத்த பிறகு கேட்டால் அரை நாள் வாடகை கேட்பார்கள்.

ஒப்பந்தத்தில் எழுதியவை

ரிசார்ட் நீட்டிய ஒப்பந்தத்தில் 'இயற்கைச் சீற்றம்' என்று ஒரு வரி இருந்தது. மழைத்தூறலும் அதில் வரும், சுனாமியும் வரும். அதை அடித்துவிட்டு, வானிலை ஆய்வு மையம் அந்த மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை விட்டாலோ, புதுச்சேரித் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றப்பட்டு அது ஒரு குறிப்பிட்ட எண்ணைத் தாண்டினாலோ, முன்பணத்தில் எவ்வளவு திரும்பும், வேறு நாள் எடுத்தால் எவ்வளவு கழியும் என்று எண்ணிலேயே எழுதினோம். ஃபெஞ்சல் வந்து போனபின் கையெழுத்தானதால் அவர்களும் அதிகம் இழுக்கவில்லை.

ஒலிபெருக்கி பற்றியும் எழுதினோம். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. நண்பர்கள் கூட்டம் இரவு ஒரு மணி வரை டிஜே என்று கனவு கண்டது. பத்து மணிக்கு உள்ளறைக்கு மாற்றினோம். காலையில் மாப்பிள்ளை அழைப்பும் ஆறுக்கு மேல்தான் மைக்கில் வந்தது.

விளக்கு விஷயம் பலருக்குத் தெரியாது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும். கடலை நோக்கி எரியும் பெரிய விளக்குகள் ஏறிவரும் ஆமையையும், பொரித்துவரும் குஞ்சுகளையும் திசை தப்பவைக்கும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் ஆமைகள் இறந்து ஒதுங்கின. முதல் நாள் காலை எங்கள் ரிசார்ட்டுக்கு முன்னாலும் ஒன்று கிடந்தது, ஓடு ஒரு சாப்பாட்டுத் தட்டை விடப் பெரியது. மீனவர்கள் இருவர் மேலே தள்ளிக் குழி தோண்டிப் புதைத்தார்கள். பெண்ணின் கண்ணில் படாமல் முடிந்தது. அலங்காரக்காரர் கடலைப் பார்த்துப் போட்டிருந்த ஃபோகஸ் விளக்குகளை உள்பக்கம் திருப்பி, வாணவேடிக்கையைப் பட்டியலிலிருந்து எடுத்தோம். மாப்பிள்ளையின் மாமாவுக்கு மட்டும் வருத்தம்; வெடிகளை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார்.

நடந்தது

சேலத்திலிருந்து வேன்கள் இருட்டு விலகிய பிறகே கிளம்பின. உளுந்தூர்பேட்டைச் சாலையின் இருவழிப் புறவழிகளில் இரவுப் பயணம் வேண்டாம் என்பது என் நிபந்தனை. மதியத்துக்குள் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். வந்ததும் இளவட்டங்கள் கடலுக்கு ஓடின. மூக்கனேரியும் மேட்டூரும் பார்த்த நீச்சல் கடலுக்கு உதவாது. உள்ளிழுக்கும் நீரோட்டம் இந்தக் கரையில் உண்டு. குப்பத்திலிருந்தே நீச்சல் தெரிந்த நான்கு பேரைக் கூலி கொடுத்து இரண்டு நாளும் கரையில் நிறுத்தியிருந்தோம். முழங்காலுக்கு மேல் யாரையும் விடவில்லை. மொத்தச் செலவில் இதுதான் மிகச் சிறியது.

முகூர்த்தம் நேரத்துக்கு நடந்தது. காற்று சொன்னபடி கேட்டது. பெரியப்பா தாலி கட்டியதும் எழுந்து போய்க் கடலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். "மாசி மகத்துக்கு மாமல்லபுரத்துல இருளர் சனங்க கடலோரமே கல்யாணம் பண்றாங்களே, நம்மளும் அப்படித்தான் போல" என்றார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்தது. கடற்கரைக் கல்யாணம் என்பதை ரிசார்ட்காரர்கள் கண்டுபிடித்ததாக நினைக்கிறவர்களுக்கு நானும் அதைச் சொல்வதுண்டு.

சேலம் வரவேற்புக்கு ஆயிரத்துக்கும் மேல் வந்தார்கள். மொய் எழுத இரண்டு மேசை போதவில்லை. இரண்டு நிகழ்ச்சியையும் சேர்த்த கணக்கு, ஓமலூர் ரோட்டில் ஒரே கல்யாணமாக வைத்திருந்தால் ஆகியிருக்கும் செலவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தாண்டியது. அப்பா முன்கூட்டியே அந்தத் தொகையை ஒதுக்கியிருந்ததால் முகம் சுளிக்கவில்லை. ரிசார்ட் பிடித்து வைத்திருந்த காப்புத் தொகையில் புல்தரைச் சேதம் என்று ஒரு பகுதியைக் கழித்தார்கள். பிளைவுட் போட்ட இடம் மஞ்சளாகிவிட்டதாம். பாதிக்குப் பேசி முடித்தோம்.

இப்போது அதே வீட்டில் அப்பாவின் தம்பி மகளுக்கு வரன் அமைந்திருக்கிறது. அம்மா திரும்பவும் ஏற்காடு என்கிறார். இந்த முறை முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை, ஆகவே எனக்கும் சம்மதம். நாள் வைகாசியில். கோடை விழா எந்த வாரம் என்று அறிவிப்பு வரும் வரை முன்பணம் கட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். விழா நாட்களில் மலை ஏறும் வண்டிகளும் இறங்கும் வண்டிகளும் வேறு வேறு பாதையில் திருப்பிவிடப்படலாம், அறை வாடகையும் ஏறும். ஏற்காட்டுக்கு இன்னொரு பாதையான குப்பனூர் வழியாக வேன்களை விட்டுப் பார்க்கும் வேலை அடுத்த வாரம்.